தொடாமல் விட்ட மூலை

குட்மேய்ஸ்
4.9.1994

தம்பி சபாரத்தினத்துக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் உன் மகள் சந்திரவதனா போன் எடுத்திருப்பாள்.

கனடாவிலிருந்து உன் தபால் கிடைத்தது. உறையைப் பிரித்தால் ஒரு வரிக் கடிதம் இல்லை. பேப்பரில் வெட்டின துண்டு ஒன்று. “பேஸ்போல் நினைவுகள்: 1908ஆம் ஆண்டுப் போட்டிகள். எழுதுபவர் ஸ்கார்பரோ சபா.” ஐந்து வருடம் உன்னோடு பேசாமல் இருந்த அக்காவுக்கு அனுப்புகிற சாமானா இது? மருமகள் வசந்தமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமி, மாமா உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் நியூஸ் அனுப்பியிருக்கிறார்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் எழுதாமல் விட்டேன் என்று உனக்குத் தெரியும். தெரியாதது போல நடிப்பாய் என்றபடியால் திரும்பவும் எழுதுகிறேன். அம்மா செத்தது 1987 ஒக்டோபர் எட்டாம் திகதி, வியாழக்கிழமை விடியப்புறம். வெள்ளிக்கிழமை எரித்தது. ஞாயிற்றுக்கிழமை காடாத்து. எரித்த இடத்தில் பால் ஊற்றி, எலும்பு பொறுக்கிக் கடலில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டியது மகன். மகன் என்றால் நீ ஒருத்தன்தான். நான் இங்கே லண்டனில் இருந்தேன். நீ மார்கழியில் கொழும்பிலிருந்து எனக்கு எழுதினாய்: “அம்மாவின் காரியங்கள் யாவும் முறையாக முடிந்தன. யோசிக்க வேண்டாம்.”

நானும் யோசிக்கவில்லை. இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். 89இல் நம் பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா ஹவுன்ஸ்லோவுக்கு மகனிடம் வந்து, என்னைப் பார்க்க இங்கே வந்தா. தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னா: “காடாத்தோ? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர் அக்கா சுடலைப் பக்கம் போனது? ஷெல்லுக்குப் பயந்து ஊரே பள்ளிக்கூடத்துக்குள்ளதானே கிடந்தது.”

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அன்றைக்கு நீ போனாயா, இல்லையா? போனில் சொல்லாதே. போனில் நீ வழுக்கிக்கொண்டு போய்விடுவாய். எழுது. எழுதினது என் கையில் இருக்க வேண்டும்.

பதில் பார்த்திருக்கும்
அக்கா தையல்முத்து


ஸ்கார்பரோ
25.9.1994

பாசமுள்ள அக்காவுக்கு, தம்பி சபாரத்தினம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் தபால்காரனுக்கு முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. இங்கே மகள், மருமகன், பிள்ளைகள் எல்லாரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறீர்களா?

பேப்பர் துண்டின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேஸ்போல் என்றால் எல்லாருக்கும் பைத்தியம். போன இரண்டு வருடமும் ரொறன்ரோதான் சாம்பியன். நம் கட்டடத்துத் தமிழர்களும் ரீவிக்கு முன்னால் காத்துக் கிடப்பார்கள். இந்த வருடம் ஓகஸ்டில் ஆட்டக்காரர்கள் ஸ்ட்ரைக் என்று இறங்கிவிட்டார்கள். இறுதிப் போட்டியும் இல்லை என்று இந்த மாதம் அறிவித்துவிட்டார்கள். 1904க்குப் பிறகு இப்படி நடந்ததே இல்லையாம். இலவசப் பத்திரிகை நடத்தும் யேசுரட்ணம், “சபா அண்ணை, விளையாட்டுப் பக்கம் வெறுமையாய்க் கிடக்குது, பழைய கதை ஏதும் எழுதித் தாருங்கோ” என்றார். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். 1908ஆம் ஆண்டுப் பருவம் என்னைப் பிடித்துக்கொண்டது.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். மைதானத்தில் நாலு மூலை. மூலைக்கு ஒரு பேஸ். பந்தை அடித்தால் ஓடி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக்கொண்டு, ‘வீடு’ என்கிற புறப்பட்ட மூலைக்குத் திரும்ப வேண்டும். நாம் சின்னனில் பள்ளிக்கூடத்தில் விளையாடின எல்லே மாதிரித்தான். அந்த செப்ரெம்பர் 23ஆம் திகதி நியூயோர்க்கும் சிக்காகோவும் மோதின. ஆளுக்கு ஒன்று, சமநிலை. கடைசிக் கட்டம். நியூயோர்க்காரன் ஒருவன் மூன்றாம் மூலையில், இன்னொருவன் முதலாம் மூலையில். முதலாம் மூலையில் நின்றவனுக்குப் பத்தொன்பது வயது. பெயர் மேர்க்கல். வழமையாக விளையாடுகிறவருக்கு இடுப்புப் பிடிப்பு என்று அன்றைக்கு இவனை இறக்கியிருந்தார்கள். அடுத்தவன் பந்தை அடித்தான். அடித்தால் முதலாம் மூலைக்காரன் இரண்டாம் மூலையைத் தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் செல்லாது. மூன்றாம் மூலைக்காரன் வீடு வந்து சேர்ந்தான். நியூயோர்க் வென்றது என்று சனம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது.

மிச்சம் இந்தத் துண்டில் இருக்கிறது. நீங்கள் கேட்ட விஷயத்தைப் பற்றி ஆறுதலாக எழுதுகிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்
தம்பி சபாரத்தினம்


குட்மேய்ஸ்
9.10.1994

தம்பிக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. கோபத்துக்கும் குறைவில்லை.

நேற்று அம்மா செத்து ஏழு வருடம். நீ விளக்கு ஏற்றினாயோ தெரியாது. நான் ஏற்றினேன். நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு நீ நாலு மூலை, இடுப்புப் பிடிப்பு, வேலி பாய்ந்த சனம் என்று ஒரு கடிதம் முழுக்க நிரப்பி, கடைசியில் ஆறுதலாக எழுதுகிறாயாம். தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்குப் பதில் எழுத ஏழு வருடம் காணாதா? சின்னனிலும் நீ இப்படித்தான். மண் முட்டியை உடைத்தது ஆர் என்று ஐயா கேட்டால், கிணற்றடியில் பாம்பைக் கண்டேன் என்று தொடங்குவாய். எல்லாரும் பாம்பைத் தேட ஓடுவார்கள். நான் மட்டும் முட்டியடியிலேயே நிற்பேன். இப்போதும் அங்கேதான் நிற்கிறேன்.

துண்டை வாசித்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அதுவும் நடுவில் நின்றுவிட்டது. “சனம் மைதானத்துக்குள் பாய்ந்ததும் மேர்க்கல் என்ன செய்தான்? அடுத்த வாரம்” என்று போட்டிருக்கிறாய். எனக்கு அடுத்த வாரம் எங்கே வருகிறது? அவன் இரண்டாம் மூலையைத் தொட்டானா, இல்லையா? அதையும் எழுது. என் கேள்விக்கும் எழுது. இரண்டுக்கும் ஒரு சொல் போதும்.

அக்கா


ஸ்கார்பரோ
6.11.1994

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்கும் உங்கள் மகன் யோகலிங்கம் குடும்பத்துக்கும் ஆண்டவன் சுகத்தைக் கொடுக்கட்டும்.

தொடவில்லை.

சனம் தன்னை நோக்கி ஓடி வருவதைக் கண்டான். பாதி தூரம் போனவன் திரும்பி உடுப்பு மாற்றும் இடத்துக்கு ஓடிவிட்டான். வென்றாகிவிட்டது என்றுதான் அவனும் நினைத்தான். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் அக்கா. ஆட்டம் முடிந்தால் ஓடிவிடுவார்கள். ஆனால் சிக்காகோவின் இரண்டாம் மூலைக்காரன் கில்லாடி. ஒரு பந்தைத் தேடி எடுத்து வந்து மூலையில் நின்று, இவன் தொடவில்லை என்று கத்தினான். நடுவர் ஆட்டமிழப்பு என்றார். வெற்றி செல்லாது, ஆட்டம் சமநிலை. பருவ முடிவில் இரண்டு அணிகளும் சமமாக வந்து நிற்க, ஒக்டோபர் எட்டாம் திகதி மறு ஆட்டம் வைத்தார்கள். சிக்காகோ நாலுக்கு இரண்டு என்று வென்றது. கிண்ணமும் அவர்களுக்குப் போனது.

அந்தப் பெடியனை அதற்குப் பிறகு ஊர் விடவில்லை. மைதானத்தில் கண்ட இடமெல்லாம் “எலும்பு மண்டை”, அதாவது மூளை இல்லாதவன், என்று கூவினார்கள். அவனுடைய பயிற்சியாளர் மட்டும் ஒரு சொல் குறை சொன்னதில்லையாம். அடுத்த வருடம் சம்பளத்தைக்கூடக் கூட்டிக் கொடுத்தாராம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா? நடுவர் செய்தது சரியா?

தம்பி


குட்மேய்ஸ்
20.11.1994

தம்பிக்கு அக்கா.

இங்கே மழை. உடுப்புக் காயவில்லை. மற்றபடி எல்லாரும் சுகம்.

நடுவர் செய்தது சரி. தொட வேண்டியதைத் தொடாவிட்டால் தொடவில்லைத்தான். பத்தொன்பது வயது என்றால் என்ன, தொண்ணூறு வயது என்றால் என்ன? அவனைத் தாண்டிச் சனம் ஓடினது என்பதற்காக மூலை ஓடிவிட்டதா? அது அந்த இடத்திலேயே கிடந்ததுதானே.

ஒக்டோபர் எட்டாம் திகதி என்று எழுதியிருந்தாய். அதை நான் காணாமல் விடுவேன் என்று நினைத்தாயா? அந்தத் திகதியைக் கண்டுதான் இந்தக் கதையை நீ தூக்கினாய். யேசுரட்ணத்தின் பேப்பர் நிரம்புவதற்காக இல்லை. எனக்கு உன்னை உன் பால்பல் முளைக்க முன்னமே தெரியும்.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் பெடியன் தொடாமல் போனான். சரி. போய் வீட்டுக்கு என்ன எழுதினான்? “அம்மா, நான் எல்லா மூலையும் தொட்டேன், யோசிக்க வேண்டாம்” என்று எழுதினானா? நீ எழுதினாய். ஷெல் விழுகிற நேரம் ஒருத்தன் சுடலைக்குப் போகவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? அழுதிருப்பேன். அவ்வளவுதான். நீ பொய் எழுதினபடியால் நான் இரண்டு வருடம் அழவேண்டிய இடத்தில் அழாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க ஏலாது.

இனி எனக்குப் பேஸ்போல் அனுப்பாதே. பதில் அனுப்பு.

தையல்முத்து


ஸ்கார்பரோ
15.1.1995

அக்காவுக்கு,

தைப்பொங்கல் நேற்று. உங்களுக்கு நல்லதாக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஏழு கிழமை எழுதாமல் விட்டதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு ஏரோகிராம் கிழித்துவிட்டேன்.

நான் போகவில்லை அக்கா.

போக வெளிக்கிட்டேன். ஞாயிறு காலை குளித்து, ஈர வேட்டியோடு, செம்பில் பால் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். துணைக்கு வர ஒருவருமில்லை. சங்கக்கடைச் சந்தி வரை போய்விட்டேன். சுடலைக்கு இன்னும் கால் மைல்தான். சனம் எதிரே ஓடி வந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, ஆட்டைக்கூட இழுத்துக்கொண்டு. “எங்கயடா போறாய், திரும்பு, திரும்பு” என்று ஆரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். நான் திரும்பினேன். திரும்பினவன் பிறகு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் வந்துதான் நின்றேன். செம்பு கையில் இருந்தது. ஓடின ஓட்டத்தில் பாதி சிந்தி, பாதி மிச்சம். பக்கத்தில் ஒரு கைப்பிள்ளை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அதன் தாயிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் ஏலவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது மழை பெய்து எல்லாம் கரைந்து, எது அம்மா, எது மண் என்று தெரியவில்லை.

பொய் எழுதினது ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் தூரத்தில் இருந்து அழுவீர்கள் என்று எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை. எழுதிவிட்டால் நடந்தது மாதிரி இருக்கும் என்று எழுதினேன்.

தம்பி


குட்மேய்ஸ்
5.2.1995

சபாரத்தினம்,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன். ஐந்து வருடமாக இந்தப் பதிலைத்தான் பார்த்திருந்தேன். வந்த பிறகு இன்னும் கோபமாகக் கிடக்கிறது. ஆருடைய பிள்ளை அது? பெயர் கேட்டாயா? அம்மாவுக்குக் கொண்டு போன பாலைக் குடித்த பிள்ளை ஆர் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறாய். ஆணா பெண்ணா என்றாவது தெரியுமா?

வசந்தமலர் சொல்கிறாள்: “மாமி, அவர்தானே உண்மையைச் சொல்லிப்போட்டார். இனியென்ன?” இனியென்ன என்று கேட்க அவளுக்கு இலகு. அவளுடைய தாய் ஹரோவில் நல்ல சுகமாக இருந்து சனிக்கிழமை தோறும் போன் எடுக்கிறா.

பால் கொண்டுபோன கால் இன்னும் கால் மைல் நடந்திருந்தால் என்ன என்று ஒரு மனம் கேட்கிறது. நடந்திருந்தால் நீயும் இல்லை என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். “எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்” என்று அந்தப் பெடியனுக்காக எழுதினாய். ஆர் அந்த எல்லாரும்? சும்மா எல்லாரும் எல்லாரும் என்று சொல்லக்கூடாது. ஒருத்தனின் பெயரைச் சொல்லு பார்ப்போம்.

அக்கா


ஸ்கார்பரோ
26.2.1995

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே பனி முழங்கால் வரைக்கும். ஸ்ட்ரைக் இன்னும் முடியவில்லை. உங்கள் கோபத்தோடு என்றாலும் கடிதம் வருவதே எனக்குச் சுகம்.

பெண் பிள்ளை. அதுமட்டும் தெரியும். காதில் சின்னத் தோடு இருந்தது.

நீங்கள் கேட்ட பெயர்: கில். பிற்ஸ்பேர்க் அணிக்காரன். புத்தகத்தில் திரும்பத் தேடினேன், இருக்கிறது. மேர்க்கலுக்குப் பத்தொன்பது நாள் முன்னர், செப்ரெம்பர் நாலாம் திகதி, அதே மாதிரி ஒரு கடைசி அடி. அதே சிக்காகோதான் எதிர் அணி. இவனும் இரண்டாம் மூலையைத் தொடாமல் ஓடிவிட்டான். அதே இரண்டாம் மூலைக்காரன் கத்தினான். நடுவரும் அதே நடுவர். அவர் சொன்னார், “நான் பார்க்கவில்லை.” விட்டுவிட்டார். கில்லை ஒருவரும் எலும்பு மண்டை என்று கூவவில்லை. அவன் பெயரை இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் நடுவர் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். அகப்பட்டவன் மேர்க்கல்.

அக்கா, நானும் ஒன்று கேட்கலாமா? அத்தான் 91இல் தவறினபோது எனக்குக் கனடாவை விட்டு வெளியே வரக் கடதாசி இல்லை. நீங்களும் என்னோடு பேசுவதில்லை. அவருடைய காரியங்கள் எப்படி நடந்தன என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவர் அவர்தான். எல்லாம் நல்லபடி நடந்ததா?

தம்பி சபாரத்தினம்


குட்மேய்ஸ்
12.3.1995

தம்பிக்கு,

நாங்கள் சுகம். குளிர் குறைகிறது. பேத்தி பியானோப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள். வீதியில் குழி தோண்டிக் கவுன்சில்காரர் மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

உன் அத்தானின் காரியங்கள் யாவும் முறையாக முடிந்தன. யோசிக்க வேண்டாம்.

அக்கா


ஸ்கார்பரோ
9.4.1995

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஸ்ட்ரைக் முடிந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஆட்டம் தொடங்குகிறது. யேசுரட்ணம் என் கதையை நிறுத்தச் சொல்லிவிட்டார். “அண்ணை, இனி உயிரோட இருக்கிற ஆக்கள் விளையாடுகினம்” என்கிறார். அதனால் கடைசித் துண்டு அச்சில் வராது. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

மேர்க்கல் அதற்குப் பிறகும் பல வருடம் நன்றாக விளையாடினான். ஆனால் விளையாட்டை விட்ட பிறகு மைதானப் பக்கமே போகவில்லை. திரும்பவும் கூவுவார்கள் என்ற பயம். 1950ஆம் ஆண்டு பழைய ஆட்டக்காரர் எல்லாரையும் நியூயோர்க்கில் அதே மைதானத்துக்கு அழைத்தார்கள். அவனுக்கு அப்போது அறுபத்தொரு வயது. மனமில்லாமல்தான் போனான். பெயரைச் சொன்னதும் சனம் கைதட்டியது. ஆறு வருடத்தில் செத்துப்போனான். இவ்வளவுதான் கதை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தகுதி இல்லை.

என்றும் உங்கள்
தம்பி


குட்மேய்ஸ்
7.5.1995

தம்பி சபாரத்தினத்துக்கு,

இந்த முறை ஏரோகிராம் காணாது. பேத்தியின் கொப்பியில் நாலு தாள் கிழித்து எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. நீ சொன்ன நல்லெண்ணெயை நான் பூசவில்லை.

அந்த வரியை எழுதும்போது அது உன்னுடைய வரி என்று எனக்குத் தெரியாது. மூலைக்கடைப் போஸ்ட் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும்தான் போனது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி ஏதோ கேட்டாள். “என்ர கடிதம், என்ர பொய்” என்று தமிழிலேயே சொன்னேன். அவள் பயந்து போய்விட்டாள்.

நடந்ததை எழுதுகிறேன். உன் அத்தானை இங்கே மின்சாரச் சுடலையில் எரித்தது 91 மாசி மாதம். மூன்றாம் நாள் சாம்பலை வந்து எடுக்கச் சொன்னார்கள். யோகலிங்கத்துக்கு இரண்டு ஷிப்ட். “அடுத்த கிழமை அம்மா” என்றான். ஐந்து கிழமை கழித்துத்தான் போய் எடுத்தான். எடுத்தவன் காரின் பின்பெட்டிக்குள் வைத்தான். அஸ்தி கரைக்கிற அந்தியேட்டிக்கு மண்டபம் கிடைத்த சனிக்கிழமை, ஐயர் வந்து இருந்து, “அஸ்தி எங்க?” என்றார். “காருக்குள்ள ஐயா” என்றான் இவன். கார் எங்கே என்றால் கராஜில். பிரேக் பழுது என்று முதல் நாள் விட்டதாம். ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். “சரி, மனசால நினைச்சுக்கொள்ளுங்கோ” என்று சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். கரைக்க ஒன்றும் இல்லாமல் கரைத்தாகிவிட்டது. பிறகு சாம்பல் வீட்டுக்கு வந்தது. கொதிதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள், குளிக்கிற துவாய்களுக்குப் பின்னால், பழுப்பு நிறப் பிளாஸ்ரிக் போத்தலில் உன் அத்தான் நாலு வருடமாக இருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் துவாய் எடுக்கிறேன்.

மகனை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் என் பிள்ளை. நான் இருப்பது அவன் வீடு. அதனால் நான் பார்க்கவில்லை.

உன் கடிதத்தில் பிற்ஸ்பேர்க்காரனைப் பற்றி வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நடுவரை நன்றாகத் திட்டினேன். வசந்தமலர், “ஆரை மாமி திட்டுறியள்?” என்று கேட்டாள். “பார்க்காத ஆளை” என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை யோகலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போத்தலை எடுத்து வந்து அவன் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“என்னம்மா இது, சாப்பாட்டு மேசையில?”

“உன்ர அப்பா.”

“நாலு வருஷமா நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே.”

“நீ ஒண்டும் கேக்கேல்லையே.”

கையில் சோற்றோடு இருந்து அழுதான். நாற்பத்தாறு வயது. அவன் இவ்வளவு நாளும் அந்த அலுமாரியைத் திறக்கவே இல்லையாம். துவாய் வேண்டுமென்றால் வசந்தமலரைக் கூப்பிடுவானாம். எனக்கு அது தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது.

நீ செய்தது பிழைதான். அதில் நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. அம்மாவுக்குப் பால் ஊற்றவில்லை, அதற்கு மேலே பொய் எழுதினாய். சாகும்வரைக்கும் எனக்கு அது மறக்காது. ஆனால் உன்னைப் பிடித்து, அவனை விட்டேன். என்னையும் விட்டேன். அதுவும் பிழை.

உன் கடைசிக் கதையில் எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கிறது. அந்த மனுசன் நாற்பத்திரண்டு வருடம் கழித்து அதே மைதானத்துக்குள் போனான். சனம் கைதட்டியது. சரி. போனவன் அந்த இரண்டாம் மூலைக்கு நடந்து போய்க் காலால் ஒருக்கால் தொட்டுவிட்டு வந்தானா, இல்லையா? அதை அந்தப் புத்தகக்காரன் எழுதவில்லையா? எழுதாவிட்டால் அது என்ன புத்தகம்? அவ்வளவு தூரம் போனவனுக்கு இன்னும் நாலு எட்டு வைக்க என்ன கஷ்டம்?

இப்போது உனக்குக் கனடாப் பாஸ்போர்ட் இருக்கிறது என்று பிலோமினம்மா சொன்னா. ஆடி அமாவாசைக்கு வந்து சேர். யோகலிங்கம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். கடிதத்தை நானே பார்த்தேன். சவுத்எண்ட் கடற்கரைக்குக் காரில் ஒரு மணித்தியாலம். பிரேக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அத்தானைக் கரைக்கிறது மகன். அதற்கு நீ தேவையில்லை. அதே கடலில் அம்மாவுக்குப் பால் ஊற்றுகிறது நீ. எலும்பு இல்லை, சாம்பல் இல்லை, எனக்கும் தெரியும். பால் இருக்கிறது. செம்பும் இருக்கிறது. காரை நான் தூரத்தில் நிறுத்தச் சொல்லுவேன். கடைசிக் கால் மைல் நீ நடந்துதான் வர வேண்டும்.

பால்காரனிடம் அன்றைக்கு இரண்டு போத்தல் கூடச் சொல்லி வைக்கிறேன். ஒன்று அம்மாவுக்கு. மற்றது, வழியில் ஏதும் பிள்ளை அழுதால்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா தையல்முத்து